வாசல் கேட்டில் பதினோரு நிமிஷம்

காதில் செருகியிருப்பதைக் கொஞ்சம் கழற்றுங்கள், தம்பி. நிறுத்தச் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டியதிலிருந்து நீங்கள் தனியாகச் சிரித்துக்கொண்டு வருகிறீர்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் சிரித்தால் எனக்குப் பொறுக்காது. சிரிப்பு எங்கள் தொழில். யாருடைய சரக்கு என்று எட்டிப் பார்த்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். மூன்று ஆள், மூன்று மைக், நடுவில் ஒரு மேஜை. ‘அரைகுறை ஆராய்ச்சி’. அதில் வலது பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு, டீ கிளாஸைக் கீழே வைக்காமலே பேசுகிறானே ஒருத்தன், பரிதி, அவன் என் மகன்.

நம்ப வேண்டாம். என்னை எவனும் நம்புவதில்லை. நாற்பது வருஷம் மேடையில் பொய் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன், பஸ்ஸில் உண்மை சொன்னால் எவன் நம்புவான்? ஆனால் மூக்கைப் பாருங்கள். அவன் மூக்கையும் பாருங்கள். போதுமா?

என் பெயர் தெய்வநாயகம். ‘சிரிப்பருவி’ தெய்வநாயகம், அருப்புக்கோட்டை. பண்டிகை நாளில் டிவியில் பட்டிமன்றம் பார்த்திருப்பீர்கள். நடுவருக்கு இடது கைப்பக்கம், கடைசி நாற்காலி. கூட்டம் எழுந்து போகாமல் இருக்க என்னைக் கடைசியில் விடுவார்கள். கமுதியில் ஒரு தடவை முன்வரிசைப் பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட்டு பறந்து வந்து நடுவரின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. நடுவர் கவனிக்காமல் குடித்துவிட்டார். அன்றைக்குத் தீர்ப்பு இரண்டு குரலில் வந்தது. சரி, இதை நம்ப வேண்டாம். இனிமேல் சொல்வதை நம்புங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் அடுத்த வீட்டுக்காரனைக் கிண்டல் செய்தால் அவன் சண்டைக்கு வருவான். கட்சிக்காரனைச் சொன்னால் பந்தல் மிஞ்சாது. ஆகையால் ஒருத்தன் பயமில்லாமல் கிண்டல் செய்யக்கூடியது அவன் வீட்டைத்தான். பெண்டாட்டி, பிள்ளை, மாமியார். எல்லாப் பேச்சாளரும் அப்படித்தான். பாதிப் பேருக்கு மாமியாரே உயிரோடு இருக்க மாட்டாள், மேடையில் மட்டும் தினமும் சண்டை போடுவாள்.

என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் போய்விட்டாள். சிறுநீரகம். செத்தவளை வைத்துச் சிரிப்புக் காட்டுவது நாகரிகம் இல்லை, அதை நான் செய்ததில்லை, அதில் நான் கண்டிப்பு. ஆக, வீட்டில் மிச்சம் இருந்தது பையன்.

அவனுக்கு அப்போது எட்டு வயசு. அவள் போன பிறகு அவள் படுத்த தலையணையின் உறையை உருவி, ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, பீரோவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எடுப்பான். துளிதான் திறப்பான். மூக்கை வைத்து ஒரே ஒரு இழுப்பு. உடனே இறுக்கிக் கட்டிவிடுவான்.

“என்னடா பண்றே?” என்றேன்.

“ரொம்ப நேரம் தெறந்தா தீந்துடும்ப்பா.”

தம்பி, நீங்களே சொல்லுங்கள். இப்படி ஒரு வசனம் உட்கார்ந்து யோசித்தால் வருமா? மூளையைக் கசக்கினாலும் வராது. வீட்டுக்குள்ளேயே விளைந்து கிடக்கிறது, எடுக்காமல் விட முடியுமா? ஆனால் நான் யோசித்துத்தான் எடுத்தேன். அவளை இழுக்கவில்லை. உறை என்னுடையது என்று மாற்றினேன். என் வழுக்கை, என் நல்லெண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் சேர்த்தேன். “எங்க வீட்ல ஒரு விஞ்ஞானி இருக்கான்யா. அப்பன் மண்டை வாசனைய ஊறுகா போட்டு வெச்சிருக்கான். வாரம் ஒருக்கா மூடியத் தெறந்து மோந்து பாத்துட்டு, பூமி இன்னும் சுத்துதான்னு கணக்குப் போடறான்.” சிவகாசியில் பந்தல் ஆடியது. நடுவர் மணி அடிக்க மறந்து மேஜையைத் தட்டினார். அந்த வருஷப் பொங்கலுக்கு டிவியில் அதையே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு நான் எந்த ஊருக்குப் போனாலும், “ஐயா, அந்தத் தலையணை உறை” என்பார்கள்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, கூடப் படித்த பையன்கள் சாக்ஸைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு இவன் மூக்கில் வைத்து அழுத்தினார்களாம். வாத்தியாரே “வாங்க விஞ்ஞானி” என்றாராம். பிள்ளைகள் விளையாடத்தான் செய்யும். இவன் வீட்டுக்கு வந்து அந்தப் பையை எடுத்து, உறையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, கும்மித் துவைத்து, கொடியில் காயப்போட்டுவிட்டான். பையனுக்குச் சுத்தம் பழகிவிட்டது என்று நினைத்தேன். அதையும் அடுத்த வாரம் திருமங்கலத்தில் சொன்னேன். அது அவ்வளவாக எடுபடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டம். பையன் என் எதிரில் வாயைத் திறக்க மாட்டான். சாப்பிட்டியா என்றால் தலையாட்டுவான். பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம் என்றால், “ஒண்ணுமில்ல.” மார்க் கார்டை நீட்டுவான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாதத்தில் பதினைந்து மேடை. ஊரே விஞ்ஞானி என்ன செய்தான் என்று கேட்கிறது. வீட்டில் விஞ்ஞானி ஊமையாக இருக்கிறான். என்ன செய்ய? முழுக்க முழுக்க நானே கற்பனை செய்ய வேண்டியதாயிற்று. தலைமையாசிரியர் வழுக்கையைக் காம்பஸ் வைத்து அளந்தான். பத்தாம் வகுப்பில் மூன்று தடவை கோட்டை விட்டான். ஒன்றும் நடக்காதது. அவன் பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாவது. ஆனால் பாருங்கள், அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்ள கடைசில பத்தாவது பாஸ் பண்ணாரா இல்லியா?” என்று கேட்டார்கள். அவன் அப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. பிறகு கூட வேலை செய்த தாரணி என்கிற பெண்ணை அவனே பார்த்துக் கட்டிக்கொண்டான். பதிவுத் திருமணம். பத்து நிமிஷம். எனக்கு மைக்கே கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டான். எதற்கு? நின்றுகொண்டு சிரிப்புக் காட்டுவதற்கு. ஸ்டாண்டப் என்கிறார்கள். நானும் நாற்பது வருஷமாக நின்றுகொண்டுதான் பேசுகிறேன். என் தொழில்தான், பெயர்தான் வேறு. ஒரு தடவை தொலைபேசியில் சொன்னேன், “என் ரத்தம்டா, எங்க போகும்?” என்று. “வெக்கறேன்ப்பா” என்றான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு லில்லி டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், பரிதி அப்பாக்களைப் பத்திப் பேசறாரு, உங்களைப் பத்தியும் வருது.” நான் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், பழக்கம்.

இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடுகிறது, தம்பி. மணி அடிக்க ஆள் இல்லை. பரிதி, ஜோயல், அசார். இந்தக் காலத்து நாகரிகத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். வயிற்றில் இருக்கும்போதே போட்டோ, பிறக்கும் முன்னாலேயே கேக், கலர் புகை. அசார் சொல்கிறான், “எங்கப்பா துபாய்லேர்ந்து மொதல் தடவ வந்தப்ப எனக்கு மூணு வயசுடா. வாசல்ல நின்னேன். ‘யார் வீட்டுப் புள்ள இது, சட்ட நல்லாருக்கே’ன்னாரு. அந்தச் சட்டையே அவரு அனுப்புனது.” நன்றாக இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு விஞ்ஞானம். கடல்குதிரையில் ஆண்தான் பிள்ளை பெறுமாம். ஜோயல் சொல்கிறான், “அதான் எப்பவும் நின்னுட்டே இருக்கு. உக்கார முடியல போல.” அதுவும் பரவாயில்லை. நான் என் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷம்.

அப்போது என் மகன் எலிக்கதையை எடுத்தான். வெளிநாட்டில் யாரோ ஆண் எலிக்கு ஒரு பூ வாசனையைக் காட்டிக் காட்டி ஷாக் கொடுத்தார்களாம். அந்த எலிக்குப் பிறகு பிறந்த குட்டி, ஷாக்கே வாங்காத குட்டி, அப்பனையே பார்க்காத குட்டி, அந்த வாசனை வந்தால் நடுங்குகிறதாம்.

ஜோயல் கேட்டான், “நீ எதுக்குடா நடுங்குவே?”

“கைதட்டலுக்கு.”

“மச்சி, நீ காமெடியன்டா.”

“ஜனங்க சிரிச்சா ஒண்ணும் இல்ல. தட்டுனா, நாளைக்கு ஸ்கூல் இருக்கேன்னு தோணும்.” டீயை ஒரு மடக்குக் குடித்தான். “பொண்ணு பொறந்து பன்னண்டு நாள் ஆச்சு. அவளுக்கும் வந்திருக்குமோன்னு பக்கத்துல போய் மெதுவாத் தட்டிப் பாத்தேன்.”

“நடுங்கினாளா?”

“தூங்கிட்டா.”

பேத்தி பிறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது, தம்பி. லில்லி டீச்சர் போனில். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தப் போனார். வேண்டாம், ஓடட்டும் என்றேன்.

அசார் கேட்டான், “உங்கப்பா பாத்துட்டாரா?”

“சொல்லவே இல்ல. பேரையும் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பதினெட்டு வயசாகி, ‘தாத்தா மேடையில சொல்லிக்கட்டும்’னு அவளே சொன்னா, அன்னிக்குச் சொல்றேன்.”

அதற்கு அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஒரு பயலும் சிரிக்கவில்லை. அங்கேதான் அனுபவம் பத்தாது என்கிறேன். கடைசி வரியை அவ்வளவு மெதுவாகச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்கள்? கொஞ்சம் குரலை ஏற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். இவன் இரண்டு மணி நேரம் அப்பனைப் பற்றிப் பேசுகிறான், பிள்ளையைப் பற்றிப் பேசுகிறான், ஊரே கேட்கிறது. அதற்கு மனம் திறந்து பேசுவது என்று பெயர். நான் பேசினால் மட்டும் எலிக்கு ஷாக். இது என்ன நியாயம்?

அந்த நிகழ்ச்சியில் ஓர் இடத்தில், தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். ஒரு நாலு விநாடி. டீச்சரிடம் அதை மட்டும் திருப்பிப் போடச் சொன்னேன். பிறகு எனக்கே போடக் கற்றுக்கொடுத்துவிட்டார், பாவம், தினமும் எத்தனை தடவைதான் வருவார்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டு மாதம் செய்தேன். போன வாரம் எடுத்தான்.

“அப்பா, வாங்க. தாரணியும் வரச் சொல்றா. ஆனா ஒரே ஒரு விஷயம். இவளைப் பத்தி நீங்க வெளியில எதுவும் பேசக்கூடாது. மேடையில மட்டும் இல்ல. யார்கிட்டயும்.”

“சத்தியமா பேச மாட்டேன்டா.”

“ஒரு வார்த்தகூட.”

“உங்கம்மா மேல சத்தியம்டா.”

பிறகு விலாசம் அனுப்பினான். சிறுசேரிப் பக்கம். இன்றைக்குக் காலை பத்து மணிக்குப் போய் இறங்கினேன்.

அந்த ஊர் அடுக்குமாடிக்குள் நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது, தெரியுமல்லவா? கேட்டில் செக்யூரிட்டி போட்டோ எடுத்து மேலே அனுப்புவார். மேலே இருப்பவன் சம்மதம் என்று அமுக்கினால்தான் உள்ளே. செக்யூரிட்டி பெயர் வேதமுத்து, சாத்தான்குளம் பக்கம். என்னைப் போட்டோ எடுத்தார். அரை நிமிஷத்தில் இண்டர்காம் அடித்தது. என் மகன் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. “அண்ணே, அப்பாவ அங்கயே உக்கார வைங்க. அவருக்கு லிஃப்ட்டுன்னா பயம். நானே பாப்பாவத் தூக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பன்னிரண்டாவது மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று ரிப்பேராம். அதனால் நேரமாகும் என்றார் வேதமுத்து. நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன். கேட்டில் சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரர்கள் மூன்று பேர், தண்ணீர் கேன்காரர் ஒருத்தர், இஸ்திரி வண்டிக்கார அம்மா. எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். இவர் என்னையே பார்க்கிறார்.

“ஐயா, நீங்க அந்தத் தலவாணி உற ஐயால்லா?”

நான் என்ன செய்ய, தம்பி? இல்லை என்று சொல்லவா?

“ஒரு தடவ சொல்லுங்கய்யா. எங்க அப்பா இருந்தப்ப பாத்தது.”

செத்துப்போன தகப்பனை நினைத்துக் கேட்கிறார். சொன்னேன். அந்த ஆறு பேர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டார். டெலிவரிக்காரர் ஒருத்தர் போனை எடுத்துப் பிடித்தார். பார்த்தீர்களா, போனைத் தூக்கிவிட்டால் எனக்கு உடம்பு தன்னால் நிமிர்ந்துவிடும்.

“பேத்தியப் பாக்கவாய்யா வந்திய? பேத்தி எப்படி, அவளும் விஞ்ஞானியா?”

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. “அவ வேற மாதிரிய்யா. அப்பன்காரன் மைக்கப் புடிச்சுப் பேச ஆரம்பிச்சா ஒடனே வெளிக்குப் போயிடறா. என் மருமக டாக்டரு எழுதின மருந்தையே நிறுத்திட்டா. காலையில எந்திரிச்சதும் அவன் நிகழ்ச்சியப் போட்டு விட்டுடறா.”

சிரித்தார்கள். இஸ்திரிக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாப்பாக்கு இன்னா பேரு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டது.

எனக்குப் பெயர் தெரியாது. தாத்தாவுக்குப் பேத்தி பெயர் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? “வீட்ல செல்லமா வெளக்கெண்ணெ” என்றேன்.

கைதட்டினார்கள், தம்பி. கேட்டில். வெயிலில். ஆறு பேர்தான், ஆனால் ஓர் அரங்கம் மாதிரி.

வேதமுத்து முதலில் நிறுத்தினார். அவர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது வந்தானோ தெரியாது. நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே வரவில்லை. அது தொழில் மரியாதை, அந்த விஷயத்தில் நல்ல பையன். தோளில் குழந்தை, மஞ்சள் துணியில் சுற்றியிருந்தான். முகம் அவன் கழுத்துப் பக்கம். வெளியில் தெரிந்த காதை உள்ளங்கையால் மூடியிருந்தான்.

“முடிச்சிட்டீங்களாப்பா?”

“டேய், வாடா” என்று எழுந்தேன்.

அவன் என்னிடம் வரவில்லை. போன் வைத்திருந்தவரிடம் போனான். “அண்ணா, அத டெலிட் பண்ணிடுங்க, ப்ளீஸ்.” அவர் அழித்துக் காட்டினார். நல்ல வெளிச்சத்தில் எடுத்தது. போயிற்று.

“பரிதி, நான் சொன்னது பூராப் பொய்டா. நான் அவளப் பாக்கவே இல்லியே. பாக்காத புள்ளையப் பத்தி நான் என்னத்தச் சொல்லியிருக்க முடியும்? பொய் எப்படிடா அவளப் பத்தினதாகும்?”

இதற்கு அவனிடம் பதில் இருக்காது என்றுதான் நினைத்தேன். நடுவர் இருந்திருந்தால் என் பக்கம்தான்.

“என்னப் பத்திச் சொன்னதும் பாதி பொய்தான்ப்பா. ஸ்கூல்ல யாரும் பிரிச்சுப் பாக்கல.”

அப்புறம் வாட்சைப் பார்த்தான். “பதினோரு நிமிஷம். லிஃப்ட் வர பதினோரு நிமிஷம் ஆச்சு. அவ்வளவுதான் கேட்டேன் உங்ககிட்ட.”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் குரலை ஏற்றவே இல்லை. “வேதமுத்து அண்ணே, அப்பா சாப்பிட்டாரான்னு கேளுங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோ புடிச்சு விடுங்க.” திரும்பி நடந்தான். மஞ்சள் துணிக்கு வெளியே ஓர் உள்ளங்கால் தெரிந்தது. நான் பார்த்தது அதுதான். ஒரு உள்ளங்கால். நம் கட்டைவிரல் அளவு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், நான் செய்தது அப்படி என்ன குற்றம்? வேதமுத்துகூட ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, “மன்னிச்சிருங்கய்யா, நாங்க கேட்டுருக்கப்படாது” என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் பாருங்கள், அவ்வளவு நல்ல மனுஷர். யாரிடமும் பேசக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? தெரிந்தவர்களிடம் பேசக்கூடாது. நீங்கள் யாரோ, நான் யாரோ. நீங்கள் விழுப்புரத்தில் இறங்கிவிடுவீர்கள். உங்களிடம் சொன்னது சேர்த்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் நிகழ்ச்சி. ‘இந்தக் காலத்து அப்பாக்களிடம் மிகுந்திருப்பது பாசமா, வேஷமா?’ நான் வேஷம் அணி. இந்தக் கேட்டுக் கதை அங்கே நிற்கும், எனக்குத் தெரியும். ஆறு பேரிடம் எடுபட்டது அறுநூறு பேரிடம் எடுபடாதா? பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். முடிவைத்தான் மாற்ற வேண்டும். இந்த முடிவோடு ஜனங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது, எழுந்து போகும்போது முகம் வாடிவிடும். அவன் கீழே வருகிறான், எல்லோரும் விலகுகிறார்கள், குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுகிறான். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

அதில்தான் ஒரு சிக்கல். உங்கள் போனில் முகப்பில் ஒரு குழந்தை இருக்கிறதே, உங்களுடையதா? அப்படியானால் உங்களுக்குத் தெரியும். மூன்றரை மாதக் குழந்தை எவ்வளவு கனம் இருக்கும்? எனக்குத் தெரியாது, தம்பி. பரிதி பிறந்தது தைமாதம். தை, மாசி, பங்குனி மூன்றும் எங்களுக்கு ஓயாத மேடை. அவன் பாட்டி வீட்டில் இருந்தான். நான் முதலில் கையில் வாங்கினபோது அவனுக்குக் கழுத்து நின்று, குப்புற விழுந்து, ஆளைப் பார்த்துச் சிரிக்கிற பருவம். மேடையில் வெறுங்கையை நீட்டிக் காட்டினால் முன்வரிசைப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், இவன் குழந்தையைத் தூக்கினவன் இல்லை என்று.

இதோ, இப்படி வைக்கிறேன். இன்னும் தாழ்த்தவா? முழங்கை மடக்கியா, நீட்டியா? நீங்கள் என் கையைப் பிடித்தே சரியாக வையுங்கள், கூச்சப்பட வேண்டாம். தலையைத் தாங்க வேண்டும் என்கிறார்களே, அதற்கு எந்தக் கை?